மாவட்ட மனநலத் திட்டம்: யார் பொறுப்பேற்கலாம்?

அரசு மனநல மருத்துவராக மாவட்ட மனநலத் திட்டக் குழு ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தேன். தகுதி பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

எம்பிபிஎஸ் முடித்துவிட்டேன் ஐயா. மாவட்டக் குழுவுக்குத் தலைமை ஏற்க முடியுமா?

அந்த இடம் பொதுவாக மனநல மருத்துவருக்கு உரியது. எம்.டி., டி.என்.பி., டி.பி.எம். என்று மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு வேண்டும். துறையில் அறிவும் அனுபவமும் உள்ள மருத்துவ அலுவலரை மனநல மருத்துவராக மாநில அரசே அறிவிக்க 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் இடம் தருகிறது. அதை நம்பி உட்காராதீர்கள் தம்பி, படித்துவிடுங்கள்.

எம்.எஸ்சி. உளவியல் படிக்கிறேன். மருத்துவ உளவியலாளராகச் சேரலாமா?

அது மட்டும் போதாதும்மா. இது தெரியாமல் பணத்தையும் வருடங்களையும் இழந்த பிள்ளைகளைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். முதுகலைக்கு மேல், நோயாளிகளோடு மேற்பார்வையில் பயிற்சி பெறும் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில்., இல்லையென்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த மருத்துவ உளவியல் படிப்பு வேண்டும் என்கிறது சட்டம். படிப்பின் பெயர் எதுவானாலும், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கட்டணம் கட்டுங்கள்.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்தவர்களுக்கு?

இங்கும் அதே கதைதான். மனநல சமூகப் பணியாளராக, அந்தத் துறையில் இரண்டு வருட எம்.ஃபில். வேண்டும் என்கிறது சட்டம்.

பட்டத்தைத் தவிர வேறென்ன வேண்டும் ஐயா?

ஊர் ஊராகப் போகும் மனசு. 1982-இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1996-இல் தொடங்கிய மாவட்டத் திட்டத்துக்கு கர்நாடகத்தின் பெல்லாரியில் நடந்த முயற்சிதான் முன்மாதிரி. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் செவிலியருக்கும் கற்றுக்கொடுத்து, வைத்தியத்தை ஊருக்கே கொண்டுபோவது அதன் உயிர். நான் முதல் வருடம் மாவட்ட மருத்துவமனை அறையிலேயே இருந்துவிட்டேன். இரண்டு பஸ் மாறி வந்த ஒரு தாய், கூலி போய்விடும் என்று மகனை அடுத்த மாதம் கூட்டிவரவில்லை. மாத்திரை நின்று நோய் திரும்பியது. அப்புறம்தான் வாரத்தில் நான்கு நாள் வெளியே போக ஆரம்பித்தேன். மாத்திரை இருப்பைத் தானே எண்ணிப் பார்க்காத தலைவரால் குழுவுக்குப் பயனில்லை.

என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். பட்டமில்லாத எங்களுக்கு இதில் இடமே இல்லையா?

இருக்கிறது. மனநல நோயாளிகளின் உரிமைகளைக் காக்கும் மனநல மறுஆய்வு வாரியத்தில் மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவர் தலைவர். ஆட்சியரின் பிரதிநிதி, மனநல மருத்துவர், இன்னொரு மருத்துவர் இருப்பார்கள். மீதி இரண்டு இடம் நோயோடு வாழ்பவர்கள், பராமரிப்பவர்கள், இத்துறைத் தொண்டு நிறுவனத்தினருக்கு. அண்ணனைப் பார்த்துக்கொள்ளும் அனுபவமே உங்கள் தகுதி. மாநில மனநல ஆணையத்தில் விசாரியுங்கள்.