பிராசசரைக் குளிர்விக்கும் கூலரை மாற்றிய பிறகு கணினி ஆன் ஆகி, சில நொடிகளில் அணைந்துவிடுகிறது. எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மாற்ற வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். நேற்று வரை ஓடிய கணினி கூலரை மாற்றியவுடன் மக்கர் செய்தால், பெரும்பாலும் கை பட்ட இடத்தில்தான் காரணம் இருக்கும். புது எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டு, அதே கோளாறோடு கணினியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

கணினி எத்தனை நொடி ஓடுகிறது என்று முதலில் கவனியுங்கள். விசிறி அரைச் சுற்றுச் சுற்றி உடனே நின்றால் அது சூட்டினால் அல்ல. மதர்போர்டின் மேல் ஓரத்தில் பிராசசருக்கென்றே தனியாக 4 அல்லது 8 பின் மின் இணைப்பு ஒன்று உண்டு. கூலர் மாட்டும்போது அது தளர்ந்திருக்கலாம். கொக்கி விழும் வரை அழுத்துங்கள். கழன்று விழுந்த திருகாணி ஏதாவது போர்டுக்குப் பின்னால் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் சரியாக நாலைந்து நொடியில் அணைகிறதா? பவர் பட்டன் உள்ளேயே சிக்கியிருக்கக்கூடும். பட்டனை நான்கு நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் கணினி அணையும், அதே கதைதான். பட்டனின் ஒயரைப் போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு ஆன் செய்து பாருங்கள்.

பத்து நொடியிலிருந்து ஓரிரு நிமிடம் வரை ஓடிவிட்டு அணைந்தால் பெரும்பாலும் சூடுதான். பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. இன்டெல் பெட்டியோடு வரும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்கள்தான் இதில் பலரை ஏமாற்றுகின்றன. அவற்றின் தலையில் உள்ள அம்புக்குறி கழற்றும் திசையைக் காட்டுவது. மாட்டும்போது எதிர்த்திசையில் கடைசி வரை திருப்பிவைத்துவிட்டு, மூலைக்கு மூலை எதிரெதிராக அழுத்த வேண்டும். மேலிருந்து பார்த்தால் நான்கும் உட்கார்ந்தது போலவே தெரியும், நம்பாதீர்கள். போர்டின் பின்பக்கம் பாருங்கள்: பிளந்த வெள்ளைக் காலின் நடுவே கறுப்பு முள் நான்கிலும் வெளியே வந்திருக்க வேண்டும். ஒன்று ஏறாவிட்டாலும் ஹீட் சிங்க், அதாவது கூலரின் உலோகப் பாகம், ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

பழைய கூலரைப் புதிய போர்டில் மாட்டியிருந்தால் அளவையும் சரிபாருங்கள். இன்டெல் சாக்கெட்டுகளில் (பிராசசர் உட்காரும் இடம்) எல்ஜிஏ 1150 முதல் 1200 வரை திருகுத் துளைகளின் இடைவெளி 75 மி.மீ.; எல்ஜிஏ 1700-இல் அது 78 மி.மீ. புதிய கூலரின் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பதும் அடிக்கடி நடப்பதுதான்.

கூலரை ஒருமுறை தூக்கிவிட்டால், பிராசசரிலிருந்து கூலருக்குச் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வையுங்கள். விசிறியின் ஒயர் ‘சிபியு ஃபேன்’ என்று எழுதிய இடத்தில்தான் இருக்க வேண்டும். பிறகு பயாஸ் திரையில் (விண்டோஸ் ஏறும் முன் வரும் போர்டின் அமைப்புத் திரை) வெப்பநிலையைப் பாருங்கள். எண் மளமளவென்று 90-ஐ நோக்கி ஏறினால் உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து சோதிக்காதீர்கள். 40, 50 டிகிரியில் நிலையாக நின்றும் அணைகிறது என்றால் அப்போது எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிக்கலாம். அப்போதும் நண்பரிடம் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்த பிறகே காசை எடுங்கள்.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் ரைசன் பிராசசர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பேஸ்ட் இறுகியிருந்தால், கூலரை இழுக்கும்போது பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து பிராசசரும் சேர்ந்து பிடுங்கி வந்துவிடும். அதன் அடியில் இருக்கும் 1331 பின்களில் ஒன்று வளைந்தாலும் இந்தத் தொல்லை வரலாம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வரிசை கலைந்த இடம் தெரியும். மெல்லிய பிளேடு நுனியால் பொறுமையாக நிமிர்த்திவிடலாம். அடுத்த முறை கழற்றும் முன் கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகிய பிறகே தூக்குங்கள்.