மேடுபள்ளமும் மரமும் நிறைந்த டிஸ்க் கால்ஃப் மைதானத்தில் எப்படி ஆடுவது?

கேள்வி: பத்து மாதமாக கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் சமதளப் பூங்காக்களில் டிஸ்க் கால்ஃப் (தட்டை எறிந்து, முடிந்தவரை குறைந்த எறிகளில் சங்கிலிக் கூடையில் போடும் விளையாட்டு) ஆடுகிறேன். வலக்கை பேக்ஹேண்டில் (கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசும் எறியில்) 280 அடி வரை எறிவேன். அடுத்த மாதம் நண்பர்களோடு சாண்டா குரூஸ் டெலவீகா மைதானத்துக்குப் போகிறோம். அங்கே மலைச்சரிவும் மரங்களும்தான் என்கிறார்கள். என் ஆட்டத்தில் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

பையைத் திறந்து, வேகம் 11, 12 என்று எண் போட்ட டிரைவர்களை (நெடுந்தூர டிஸ்குகளை) எல்லாம் எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள். ஒன்றே ஒன்று இருக்கட்டும், அது கடைசிக் குழிக்கு (டீயிலிருந்து, அதாவது எறியத் தொடங்கும் இடத்திலிருந்து, கூடை வரையிலான ஒவ்வொரு பாதையும் ஒரு குழி). 280 அடி எறிபவரின் கையில் அந்த டிஸ்குகள் தமக்கு உரிய பாதையில் பறப்பதில்லை. தேவையான வேகம் கிடைக்காததால் பாதி வழியிலேயே இடப்பக்கம் விழத் தொடங்கிவிடும். பூங்காவில் அது 40 அடி தள்ளிப் புல்லில் விழும், நடந்துபோய் எடுத்துக்கொள்வீர்கள். டெலவீகாவில் அந்த 40 அடியில் ஓர் ஓடைப் பள்ளம் இருக்கலாம்.

இந்த மைதானம் 1984-இல் திறக்கப்பட்டது. சங்கிலிக் கூடையை உருவாக்கி இந்த விளையாட்டுக்கு இன்றைய வடிவம் கொடுத்த எட் ஹெட்ரிக் பிற்காலத்தில் வாழ்ந்ததும் இதே சாண்டா குரூஸ் வட்டாரத்தில்தான். பழைய மைதானம் என்பதால் நிலத்தைச் சீர்செய்து சமமாக்கும் வேலை எதுவும் இங்கே இல்லை. காடு எப்படி இருந்ததோ, சரிவு எப்படிப் போனதோ, அதன்படியே குழிகள் அமைந்திருக்கின்றன. அதனால்தான் நாற்பது வருடம் கழித்தும் ஆட்டக்காரர்கள் தேடி வருகிறார்கள்.

எடுத்துப்போக வேண்டியவை ஏழெட்டு டிஸ்குகள் போதும். ஒரே மாதிரி இரண்டு புட்டர் (கூடைக்கு அருகில் எறியும் மெதுவான டிஸ்க்), ஏவியார் போல. நேராகப் பறக்கும் மிட்ரேஞ்ச் (நடுத்தூர டிஸ்க்) ஒன்று: பஸ்ஸ் வைத்திருந்தால் அதுவே (5/4/-1/1, அதாவது வேகம், மிதப்பு, தொடக்கத்தில் வலப்பக்கம் திரும்பும் டர்ன், கடைசியில் இடப்பக்கம் சாயும் ஃபேட்). மெதுவாக எறிந்தாலும் நேராகப் போய், வேண்டுமென்றால் வலப்பக்கம் திரும்பும் லெப்பர்ட் (6/5/-2/1). கொஞ்சம் நம்பகமான டீபேர்ட் (7/5/0/2). பிறகு எந்த நிலையிலும் இடப்பக்கம் வந்து விழும் ஓவர்ஸ்டேபிள் இரண்டு: ஸோன், ஃபயர்பேர்ட். நிறம் முக்கியம். காய்ந்த இலைக் குவியலில் சிவப்பும் பழுப்பும் பச்சையும் மறைந்துபோகும். ரோஸ், வெளிர்நீலம், வெள்ளை கண்ணில் படும். டிஸ்கின் அடிப்பக்கம் தொலைபேசி எண்ணை எழுதிவிடுங்கள்.

இனி மரங்கள். மரம் என்றால் 90 சதவீதம் காற்று என்று ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். அதை நம்பி நடுக்காட்டுக்குள் எறியாதீர்கள். ஒரு வரிசை மரத்தைத் தப்பிக்கும் வாய்ப்பு 90 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், ஏழு வரிசைகளைத் தப்பிக்கும் வாய்ப்பு 48 சதவீதம்தான். காட்டுக் குழியில் ஏழு வரிசை சாதாரணம். எனவே டீயில் நின்றதும் கூடையைத் தேடாதீர்கள், முதல் இடைவெளியைத் தேடுங்கள். 60 அடி தள்ளி, இரண்டு மரங்களுக்கு நடுவே 8 அடி அகல இடைவெளி இருக்கிறது என்றால், உங்களுக்குக் கிடைக்கும் கோணம் இரு பக்கமும் சுமார் 4 டிகிரி. முழு ஓட்டத்தோடு, முழு பலத்தோடு எறியும்போது பெரும்பாலானவர்களால் இதற்குள் நிற்க முடியாது. அறுபது, எழுபது சதவீத பலத்தில், ஓரடி ஈரடி எடுத்து வைத்தோ நின்ற இடத்திலிருந்தோ எறிந்தால் முடியும். தூரத்தில் இழப்பது 50 அடி இருக்கலாம். முதல் மரத்தில் அடித்துத் திரும்பினால் இழப்பது 200 அடி.

இடைவெளியின் நடுவைக் குறிவைக்காமல், அதற்குப் பின்னால் தெரியும் ஒரு குறிப்பிட்ட பொருளைக் குறிவையுங்கள்: தொலைவில் ஒரு பட்டை உரிந்த மரம், ஒரு வெளிச்சத் திட்டு. வெறும் காலியிடத்தைப் பார்த்து எறிந்தால் கை தடுமாறும். உயரத்தையும் சேர்த்துத் தீர்மானிக்க வேண்டும். ஓக் மரங்களின் கிளைகள் தாழ்ந்து படர்ந்திருக்கும், 12 அடிக்கு மேல் போனால் இலையில் மாட்டும். பூங்காவில் பழகிய கைக்கு 20, 25 அடி உயரத்தில் எறிவதே வழக்கமாகியிருக்கும். போவதற்கு முன் இரண்டு வாரம், தலை உயரத்தைத் தாண்டாமல் 200 அடிக்குப் புட்டரை எறிந்து பழகுங்கள். ஒரே ஒரு பயிற்சிக்கு மட்டும் நேரம் இருக்கிறது என்றால் இதையே செய்யுங்கள்.

பாதை வலப்பக்கம் வளைந்தால் ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னோக்கியிருக்க, உடலின் பக்கத்திலிருந்து சுண்டும் எறி) வேண்டும். 150 அடி போனாலே போதும். ஃபோர்ஹேண்ட் வரவில்லை என்றால் லெப்பர்டை லேசான அன்ஹைசரில் (டிஸ்கின் வெளிவிளிம்பு உயர்ந்த சாய்வில்), மென்மையாக விடுங்கள்.

ஏற்ற இறக்கத்தில் தூரக் கணக்கு மாறும். மைதானம் வடிவமைப்பவர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு எளிது: ஏற்றம் எத்தனை அடியோ அதை மூன்றால் பெருக்கிக் கூட்டுங்கள், இறக்கம் என்றால் கழியுங்கள். 200 அடி தூரத்தில், 20 அடி உயரத்தில் கூடை இருந்தால் அது 260 அடிக் குழி. அதே 20 அடி கீழே இருந்தால் 140 அடிக் குழி, புட்டர் வேலை.

மேல்நோக்கி எறியும்போது டிஸ்க் சீக்கிரம் வேகம் இழக்கும், சீக்கிரம் இடப்பக்கம் சாயும். அதனால் வழக்கத்தைவிட ஒரு படி அண்டர்ஸ்டேபிள் (வலப்பக்கம் திரும்பும் இயல்புள்ள) டிஸ்க் எடுங்கள். எல்லோரும் செய்யும் தவறு, கையை மட்டும் உயர்த்தி மேலே தூக்கி எறிவது. அப்போது டிஸ்கின் முன்விளிம்பு நிமிர்ந்துவிடும், அது காற்றில் ஏறி, நின்று, பின்னோக்கிச் சரியும். தோள்களின் கோட்டைச் சரிவுக்கு இணையாக்குங்கள்: ஏற்றத்தில் முன்தோள் உயர்ந்தும், இறக்கத்தில் முன்தோள் தாழ்ந்தும் இருக்கட்டும். மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சற்றே தாழ்த்துங்கள், செம்பைச் சாய்த்து நீர் வார்க்கும்போது தாழ்த்துவோமே, அந்த அளவு. முன்விளிம்பு தானே அடங்கும்.

கீழ்நோக்கி எறிந்தால் டிஸ்க் நெடுநேரம் காற்றில் இருக்கும். அதனால் அதன் குணம் எல்லாம் பெரிதாகும்: வலப்பக்கத் திருப்பமும் நீளும், கடைசி இடப்பக்கச் சாய்வும் நீளும். சமதளத்தில் 15 அடி சாயும் டிஸ்க் இங்கே 40 அடி சாயலாம். ஃபேட் குறைந்த, மெதுவான டிஸ்க்தான் இறக்கத்துக்கு நல்லது.

பக்கவாட்டுச் சரிவு இதையெல்லாம்விடச் சிக்கலானது. வலக்கை பேக்ஹேண்டில் உங்கள் மார்பு பாதையின் இடப்பக்கம் பார்த்திருக்கும். இடப்பக்கம் மேடு என்றால் கால்விரல்கள் உயர்ந்து, உடல் எடை குதிகாலுக்குப் போய், நீங்கள் பின்னால் சாய்வீர்கள். டிஸ்க் அன்ஹைசரில் கிளம்பி வலப்பக்கம் ஓடும். இடப்பக்கம் பள்ளம் என்றால் முன்னால் கவிழ்வீர்கள், ஹைசர் (வெளிவிளிம்பு தாழ்ந்த சாய்வு) கூடும், டிஸ்க் நினைத்ததைவிட இடப்பக்கம் போகும். திருத்தம் இடுப்பில்தான் இருக்கிறது: மேட்டைப் பார்த்து நிற்கும்போது முன்னே குனியுங்கள், பள்ளத்தைப் பார்த்து நிற்கும்போது முழங்காலை மடக்கி முதுகை நிமிர்த்துங்கள். ஓட்டம் வேண்டாம்.

காலுக்கு இடம் தேடுவதில் விதி ஒரு சின்ன உதவி செய்கிறது. விழுந்த டிஸ்கையே அடையாளமாக வைத்து அதன் பின்னால் நிற்கலாம். அல்லது அதன் முன்விளிம்பைத் தொட்டபடி மினி மார்க்கரை (சின்ன அடையாளத் தட்டை) வைத்து, டிஸ்கை எடுத்துவிட்டு, மினிக்குப் பின்னால் நிற்கலாம். இரண்டிலும் கால் வைக்க வேண்டிய இடம் அடையாளத்துக்கு நேர் பின்னே 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம் கொண்ட கட்டம். இரண்டு கட்டங்களுக்கும் இடையே ஒரு டிஸ்க் அகலம், 21 செ.மீ. வித்தியாசம். ஒன்றில் உருளும் கல் இருக்கும், மற்றதில் வேர் படிபோல நிற்கும். மினியை வைக்கும் முன் இரண்டு இடத்தையும் காலால் அழுத்திப் பாருங்கள்.

இந்த மைதானத்தில் மதிப்பெண்ணை அதிகம் கெடுப்பது உருண்டோடும் டிஸ்க்தான். கூடைகள் சரிவின் ஓரத்தில் நிற்கும். நல்ல எறிதான், கூடைக்கு 10 அடியில் விழுந்திருக்கும், ஆனால் விளிம்பில் நின்று சக்கரமாகி 100 அடி கீழே போய்விடும். டிஸ்க் உயரத்திலிருந்து செங்குத்தாகச் சாய்ந்து இறங்கினால் அதன் விளிம்புதான் முதலில் நிலத்தைத் தொடும். காய்ந்து இறுகிய மண்ணில் அது குத்தி நிற்காது, எழுந்து ஓடும். அதனால் சரிவுக் கூடைகளுக்குத் தாழ்வாக, தட்டையாக, வேகம் அடங்கிய நிலையில் வந்து சேரும் எறியைத் தேர்ந்தெடுங்கள். மென்மையான, சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் செய்த புட்டர் மண்ணைப் பிடித்து நிற்கும். பளபளப்பான கெட்டிப் பிளாஸ்டிக் வழுக்கும். எந்தப் பக்கம் பள்ளம் என்பதை எறிவதற்கு முன் நடந்துபோய்ப் பாருங்கள். பின்னால் குழு காத்திருக்கவில்லை என்றால் அந்த நடை வீண் போகாது.

நெருங்கி எறியும்போது கூடைக்குக் கீழ்ப்பக்கம் நிற்கும்படி விடுங்கள். மேல்நோக்கிப் புட் செய்து (கூடைக்குள் போட எறிந்து) தவறினால் டிஸ்க் மேட்டில் மோதி அங்கேயே கிடக்கும். மேலிருந்து கீழ்நோக்கிப் புட் செய்து தவறினால் அது மிதந்து கூடையைத் தாண்டி இறங்கிக்கொண்டே இருக்கும். 30 அடியில், கீழ்நோக்கி, பின்னால் பள்ளம் என்ற நிலைமையில் கூடையின் அடியில் போட்டுவிட்டு அடுத்த எறியில் முடிப்பதே சரியான ஆட்டம். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் புட் செய்த பிறகு சமநிலையில் நின்றுகாட்ட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். சரிவில் முன்னே ஓரடி தடுமாறினாலும் அது விதிமீறல்.

மரத்தில் அடித்துப் புதருக்குள் போய்விட்டீர்கள். என்ன செய்வது? பார் 3 குழி (மூன்று எறியில் முடிக்க வேண்டியது) என்றால் கணக்கு இப்படி: டீயிலிருந்து ஒன்று, புதரிலிருந்து பக்கவாட்டில் பாதைக்குத் தள்ளியது இரண்டு, கூடை அருகே மூன்று, புட் நான்கு. ஒரு எறிதான் அதிகம். இரண்டடி ஓட்டை வழியாகக் கூடையை நோக்கி எறிந்து இன்னொரு மரத்தில் அடித்தால் ஐந்து, ஆறு என்று போகும். மண்டியிட்டுத் தாழ்வாக ஃபோர்ஹேண்ட் விட்டால் பெரும்பாலான புதர்களிலிருந்து வெளியே வரலாம். வளரும் கிளையை ஒடிக்கவோ பிடித்து வளைத்து வைக்கவோ கூடாது. உதிர்ந்த கிளையும் கல்லும் கால் வைக்கும் இடத்தில் கிடந்தால் அகற்றலாம். டிஸ்க் மரத்திலேயே மாட்டிக்கொண்டால் அதற்கு நேர் கீழே தரையில் இருந்து ஆடுங்கள். 2 மீட்டருக்கு மேல் மாட்டினால் தண்டனை எறி என்பது போட்டி நடத்துபவர் அறிவித்திருந்தால் மட்டுமே. தொலைந்த டிஸ்கைத் தேட 3 நிமிடம். கிடைக்காவிட்டால் ஒரு தண்டனை எறியோடு பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும்.

அந்தப் புதர் பாய்சன் ஓக்காக இருக்கலாம், சாண்டா குரூஸ் மலைகளில் அது நிறையவே உண்டு. நம் ஊர்ச் சேராங்கொட்டையும் முந்திரியும் மாவும் சேர்ந்த அதே குடும்பம். சேராங்கொட்டைச் சாறு பட்டுத் தோல் வெந்தவர்களை ஊரில் பார்த்திருப்பீர்கள், இதுவும் அந்த வகைதான். மூன்று மூன்றாக இலைகள், ஓக் இலைபோல் மழுங்கிய வளைவு விளிம்பு, வெயில் காலம் முற்றினால் சிவப்பாகும். குளிர்காலத்தில் இலையில்லாத குச்சியிலும் எண்ணெய் இருக்கும். பட்டவுடன் எரியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. தடிப்பு ஒருநாள் இரண்டுநாள் கழித்தே எழும்பும். அதற்குள் டிஸ்கில் ஒட்டிய எண்ணெய் கைக்கும், கையிலிருந்து முகத்துக்கும், கார் ஸ்டியரிங்குக்கும் போயிருக்கும். நீளக் கால்சட்டை போடுங்கள். டிஸ்கை எடுக்க ஒரு நீளக் குச்சியும், அதற்கென்று தனித் துண்டும் வையுங்கள். ஆட்டம் முடிந்ததும் கைகளையும் டிஸ்குகளையும் சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். கழுவும்வரை கண்ணைக் கசக்காதீர்கள். இந்தச் செடிக்குள் விழுந்த டிஸ்குக்கு விதியில் இலவச நிவாரணம் கிடையாது. ஒரு தண்டனை எறியை ஏற்றுக்கொண்டு, கூடைக்கும் டிஸ்குக்கும் உள்ள நேர்கோட்டில் பின்னால் போய் ஆடலாம். சுற்றிலும் அந்தச் செடி அடர்ந்திருந்தால் அந்த ஒரு எறியைக் கொடுத்துவிடுவதே நல்லது.

காலணி பிடிப்புள்ள மலைப்பாதைக் காலணி, தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர். மேடேறி வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே எறியாதீர்கள். விதி தரும் 30 விநாடியை முழுசாகப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக 27-ஆம் குழி. உலகத்தின் உச்சி என்று ஆட்டக்காரர்கள் பெயர் வைத்த இடம். டீயில் நின்றால் மாண்டரே விரிகுடா தெரியும், கூடை 150 மீட்டருக்கு மேல் தள்ளி எங்கோ கீழே இருக்கும். வீட்டில் வைக்காமல் கொண்டுவந்த அந்த ஒரு டிரைவர் இதற்குத்தான். ஆனாலும் பலத்தைக் கூட்டாதீர்கள், உயரமே தூரத்தைக் கொடுத்துவிடும். முன்விளிம்பைத் தாழ்த்தி, லேசான ஹைசரில், கூடைக்கு வெகுவாக வலப்பக்கம் விடுங்கள். கடைசியில் நெடுநேரம் இடப்பக்கம் சாய்ந்து வரும். எறிவதற்கு முன் கீழே ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று குழுவில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு முன்னால் ஆடியவர்கள் அங்கே இன்னும் டிஸ்க் தேடிக்கொண்டிருக்கலாம்.