காக்ளியர் ஆபரேஷனில் சிக்கல் வந்தால் காது கேட்குமா? – கேள்வி பதில்

காக்ளியர் இம்பிளாண்ட் என்பது உள்காதில் எலெக்ட்ரோடுகளை (மின்முனைகள்) வைத்து, கேட்கும் நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி. அதை வைத்தவர்களுக்கு மேப்பிங் செய்யும், அதாவது ஒவ்வொரு எலெக்ட்ரோடுக்கும் எவ்வளவு மின்சாரம் என்று சரிசெய்யும் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) நான். ஆபரேஷனில் சிக்கல் என்று கேட்டதுமே பல பெற்றோர் நொறுங்கிப்போகிறார்கள். அப்படிக் கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

கேள்வி: மேடம், என் மகளுக்குப் பிறவியிலேயே மாண்டினி காது (உள்காது முழுதாக வளராத குறை). ஆபரேஷனில் காக்ளியாவை (உள்காதில் நத்தைக்கூடு போல் இருக்கும் பகுதி) திறந்ததும் தண்ணீர் பீறிட்டதாம். இனி கேட்குமா?

பதில்: அது மூளையைச் சுற்றியிருக்கும் திரவம் அம்மா. மாண்டினி காதில் அந்தத் திரவத்தை உள்காதுக்கு வரவிடாமல் தடுக்கும் எலும்புச் சுவர் முழுமையாக இருக்காது. ஸ்கேனிலேயே தெரியும் என்பதால் டாக்டர்கள் பெரும்பாலும் இதற்குத் தயாராக இருப்பார்கள். வேகம் அடங்கும்வரை பொறுத்து, எலெக்ட்ரோடை உள்ளே விட்டு, சுற்றிலும் தசைத் துணுக்கு வைத்து அடைப்பார்கள். கசிவு நின்று, எலெக்ட்ரோடும் சரியான இடத்தில் இருந்தால், பீறிட்ட ஒரே காரணத்தால் கேட்பது கெட்டுவிடாது. எனக்குப் பயம் மூளைக்காய்ச்சல்தான். நிமோகாக்கல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று இன்றே அட்டையைப் பாருங்கள். மூக்கில் தெளிந்த நீர் சொட்டினாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: மூளைக்காய்ச்சலில் காது போன பையன். 22 எலெக்ட்ரோடில் 14தான் உள்ளே போனது.

பதில்: அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து வழியை அடைக்கும். சில வாரங்களிலேயே தொடங்கிவிடலாம். அதனால்தான் இவர்களை ஆபரேஷனுக்குச் சீக்கிரம், சீக்கிரம் என்று விரட்டுகிறோம். அமைதியான அறையில் எட்டு சேனல் (தனித்தனியாக ஒலியைக் கொடுக்கும் எலெக்ட்ரோடு) ஒழுங்காக வேலை செய்தாலே பலருக்குப் பேச்சு புரிகிறது. சந்தடியிலும் பாட்டிலும் சிரமம் இருக்கும். தெரபியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எலெக்ட்ரோடு நுனி மடங்கியிருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிகிறது.

பதில்: மடங்கிய இடத்தில் இரண்டு எலெக்ட்ரோடுகள் ஒரே நரம்புப் பகுதியைத் தொடும், சத்தங்கள் குழம்பும். ஒன்றிரண்டு என்றால் மேப்பிங்கில் அணைத்துவிடலாம். நிறைய என்றால் மறுபடி பொருத்துவது நல்லது. தள்ளிப்போடாமல் சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ஆட்டோஸ்கிளிரோசிஸ். சத்தம் வந்தாலே கன்னம் துடிக்கிறது.

பதில்: ஆட்டோஸ்கிளிரோசிஸ் காது எலும்பைத் தாக்கும் நோய். உள்காதைச் சுற்றிய எலும்பு மென்மையாகிப்போனதால் மின்சாரம் முகநரம்புக்குக் கசிகிறது. இதே தொல்லையோடு ஒரு பாட்டி என்னிடம் வந்தார். ஒவ்வொரு எலெக்ட்ரோடாக மின்சாரத்தை உயர்த்திக்கொண்டே அவர் உதட்டோரத்தைப் பார்த்திருந்தேன். மூன்றில் மட்டும் சுண்டியது. அந்த மூன்றையும் அணைத்தேன். பேத்தி பின்னால் நின்று கூப்பிட்டாள். பாட்டி திரும்பிப் பார்த்தார். அப்பாவைக் கூட்டிப் போங்கள், மேப்பிங்கிலேயே பெரும்பாலும் சரிப்படுத்திவிடலாம்.

கேள்வி: நாக்கில் உலோகச் சுவை?

பதில்: சுவை நரம்பு, ஆபரேஷன் நடக்கும் இடத்தை ஒட்டியே போகிறது. பலருக்குச் சில மாதங்களில் குறையும். கேட்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: மூன்று வருடம் நன்றாகக் கேட்ட பிள்ளை, இப்போது பேச்சு மழுங்குகிறது.

பதில்: பிள்ளைக்குப் பின்னால் நின்று ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். எதற்குத் திரும்பவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பேட்டரி, கேபிள், காயில் (தலையில் ஒட்டும் வட்டமான பகுதி) மாற்றிப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் உள்ளே இருக்கும் கருவியைச் சோதிக்க வேண்டும். அதுவே பழுதென்றால் மறு ஆபரேஷன்தான். ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறார்கள். வரும்போது பழைய மேப் பிரிண்ட் இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள்.