ஷாவோலின் துறவிகள் ஏன் கம்பு பிடித்தார்கள்?

ஷாவோலின் குங்ஃபூ என்பது சீனாவின் ஹெனான் மாகாணத்தில், சோங் மலையிலுள்ள பௌத்த மடத்தில் வளர்ந்த சண்டைக்கலை. கொல்லாமை பேசும் துறவிக்குக் கம்பு எதற்கு? சொத்துதான் காரணம். மடத்துக்கு நிலபுலன் இருந்தது, கொள்ளையரும் வந்தார்கள். அறுப்பு முடிந்ததும் களத்து நெல்லுக்குக் காவல் போடுவதில்லையா, அதே கதைதான்.

621-இல் துறவிகள், பின்னாளில் டாங் பேரரசரான லி ஷிமின் பக்கம் நின்று போரிட்டதை மடத்தின் 728-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. எந்த முறையில் என்று சொல்லவில்லை. கம்புச் சண்டை அவர்களின் தனிமுறையாகப் பதிவுகளில் தெளிவாகத் தெரிவது 16-ஆம் நூற்றாண்டில். வெறுங்கைச் சண்டைக்குப் பெயர் வந்தது அதற்கும் பிறகு.

5-6-ஆம் நூற்றாண்டு பௌத்தத் துறவியான காஞ்சிபுரத்து போதிதர்மர்தான் குங்ஃபூ கற்பித்தார் என்று நம்மூரில் அடித்துச் சொல்வார்கள். அவர் தென்னிந்தியர் என்று பழைய சீனக் குறிப்பு உண்டு, ஆனால் அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் ‘யிஜின் ஜிங்’ 17-ஆம் நூற்றாண்டு நூல்.