நீளக் கூந்தல், நாலு மணிப் பசி, தினசரி உடை: கேள்வி பதில்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 18 வருஷமாகப் பெண்களுக்கான சின்ன பார்லர் நடத்துகிறேன். கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் முக்கால்வாசி முடியைப் பற்றித்தான், அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

அக்கா, எனக்குத் தோளைத் தொடும் முடி. அடுத்த தை மாதம் கல்யாணம். அதற்குள் இடுப்பு வரை வளர எந்த எண்ணெய் தேய்க்கலாம்? (நெல்லிக்குப்பம்)

முதலில் வாழ்த்துகள் தங்கச்சி. தையல் டேப்பைத் தோளிலிருந்து இடுப்புக்குப் பிடித்துப் பாருங்கள், 35 முதல் 40 சென்டிமீட்டர் வரும். தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டரும் கொஞ்சமும்தான் வளரும். வருஷத்துக்கு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். அப்படியானால் இடுப்பைத் தொட இரண்டரை வருஷம் ஆகும். எந்த எண்ணெயாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. "மூன்றே மாதத்தில் ஒரு அடி" என்று யாராவது பாட்டிலை நீட்டினால் வாங்காதீர்கள்.

எண்ணெயே வீண் என்று சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கும். குளிப்பதற்கு முன் நுனி வரை தடவினால், நனையும்போது முடி ஊறி உப்புவதும் அதன் புரதம் கரைந்து போவதும் குறையும். அதாவது இருக்கிற முடியைக் காப்பாற்றும், வளர்ச்சியை வேகப்படுத்தாது.

கல்யாணத்துக்குச் சவுரி வைத்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, நம் பாட்டிமார்கள் எல்லோரும் வைத்ததுதான். பூவும் சவுரியும் சேர்ந்தால் நல்ல கனம். அந்தக் கனம் பின்தலையில் போட்ட பின்னலில் இறங்க வேண்டும், நெற்றியோர முடியை இழுக்கக் கூடாது. அலங்காரம் செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்று ராத்திரியே கழற்றிவிடுங்கள்.

ஒரு வருஷமாக முடியை வெட்டவே இல்லை. ஆனாலும் அதே நீளத்தில் நிற்கிறது. என் முடி வளரவே வளராதா? (மஞ்சக்குப்பம்)

வளர்கிறது. மேலே வளர்கிற அளவுக்குக் கீழே உடைகிறது. சந்தேகமாக இருந்தால், சீவும்போது விழுகிற முடிகளை ஒரு கறுப்புத் துணியில் போட்டு வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சிறிதாக ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தால், அது வயதாகி வேரோடு உதிர்ந்த முடி. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை அப்படி உதிர்வது எல்லோருக்கும் நடப்பது. புள்ளியே இல்லாமல் இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் என்று துண்டு துண்டாகக் கிடந்தால் அது உடைந்த முடி. உங்களுக்கு இரண்டாவது வகைதான் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

ஏன் உடைகிறது? என் கடைக்கு வருபவர்களிடம் பார்த்ததைச் சொல்கிறேன். ஈரத் தலையில் சீப்பு போடுவார்கள். ஈரமான முடி இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும், அப்புறம் அறுந்துவிடும். விரலால் சிக்கைப் பிரித்து, முக்கால்வாசி காய்ந்த பிறகு, பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே போங்கள். சொரசொரப்பான துண்டை முறுக்கிக் கொண்டையாகக் கட்டுவதும் கெடுதல். பழைய பருத்திப் புடவைத் துண்டு போதும், தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அப்புறம் வண்டி. தேவனாம்பட்டினம் பக்கம் கடல்காற்றில் விரித்த முடியோடு ஸ்கூட்டியில் போய்வந்தால், அன்றைக்கு விழும் சிக்கைப் பிரிப்பதற்குள் பாதி முடி போய்விடும். பின்னிக்கொண்டு போங்கள்.

தண்ணீரையும் கவனியுங்கள். போர் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருந்தால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து முடியில் படிந்து நார் மாதிரி ஆக்கும். முழுக் குளியலுக்கும் நல்ல தண்ணீர் தேட வேண்டாம், கடைசி இரண்டு மக் மட்டும் குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும். நுனி வெடித்திருந்தால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிடுங்கள். வெட்டுவதால் முடி வேகமாக வளராது, ஆனால் வெடிப்பு மேலே ஏறாமல் நிற்கும்.

குழந்தை பிறந்து நான்கு மாதம். கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, பயமாக இருக்கிறது அக்கா. (பண்ருட்டி)

பயப்படாதீர்கள் அம்மா. கர்ப்பமாக இருக்கும்போது ஹார்மோன் காரணமாக உதிர வேண்டிய முடியும் உதிராமல் நிற்கும். பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் நான்காம் மாதத்தில் அத்தனையும் சேர்ந்து விழும். எனக்கும் மூத்தவன் பிறந்தபோது குளியலறைச் சல்லடை அடைத்துக்கொள்ளும் அளவுக்குக் கொட்டியது. அழுதுகொண்டே ஒரு கடையில் விலை கூடிய மூலிகை எண்ணெய் வாங்கினேன். பாதி பாட்டிலில் உச்சி எரிந்து சிவந்ததும் நிறுத்திவிட்டேன். எதுவும் தடவாமலே அவன் முதல் பிறந்தநாளுக்குள் நெற்றியோரம் புது முடி குச்சி குச்சியாக எழுந்து நின்றது. கடும் காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுவதும் இதே மாதிரிதான்.

ஒரு வருஷம் தாண்டியும் நிற்காவிட்டால், அல்லது கூடவே மூச்சு வாங்குவது, தலைசுற்றல் இருந்தால், டாக்டரிடம் சொல்லி ரத்தச் சோகையும் தைராய்டும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியில் அலுவலக வேலை. நாலு மணிக்கு டீயும் பஜ்ஜியும் இல்லாமல் முடியவில்லை. முடிக்கும் உடம்புக்கும் நல்லதாக என்ன தின்னலாம்?

முடி என்பதே கெரட்டின் என்ற புரதம். மதியம் சோறும் ரசமும், சாயங்காலம் பஜ்ஜியும் என்றால் புரதம் எங்கிருந்து வரும்? வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, சுமார் 30 கிராம், கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதில் 7 கிராம் புரதம் இருக்கிறது, பசியும் அடங்கும். கொண்டைக்கடலைச் சுண்டல் இன்னும் நல்லது. முந்தைய நாள் ஊறப்போட்டு, காலையில் குக்கரில் வைத்து, மேலே தேங்காயும் எலுமிச்சையும். அந்த எலுமிச்சைப் புளிப்பு, கடலையில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். டீ அதற்கு நேர் எதிரி. சுண்டலையும் டீயையும் ஒன்றாக வைக்காமல் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

பலாப்பழக் காலத்தில் கொட்டையைத் தூக்கி எறியாதீர்கள். பண்ருட்டிப் பலா மலிவாகக் கிடைக்கும்போது, கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து, உப்புப் போட்டு அவித்தால் அருமையான தீனி. பனங்கிழங்கு, கொய்யா, எள்ளுருண்டை எல்லாம் நம் ஊரிலேயே கிடைப்பவை. வெள்ளிக்கிழமை ஒரு பஜ்ஜி தின்றால் ஒன்றும் கெட்டுவிடாது.

பயோட்டின் மாத்திரை போடலாமா?

பயோட்டின் ஒரு பி வைட்டமின். அதில் குறைபாடு இல்லாதவருக்கு மாத்திரையால் பெரிய பலன் இல்லை. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால், ரத்தப் பரிசோதனைக்கு முன் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டிவிடும்.

நான் பையன். முடி வளர்க்கிறேன், காதைத் தொட்டு நிற்கிறது. வீட்டில் தினமும் சண்டை, ஹெல்மெட் போட்டால் பறவைக் கூடு. (முத்தியால்பேட்டை)

இப்போது இருப்பதுதான் கஷ்டமான கட்டம் தம்பி. இன்னும் ஆறேழு மாதம் போனால் முடிச்சுப் போடும் அளவுக்கு வந்துவிடும். அதுவரை பிடரியை மட்டும் ஒழுங்குபடுத்தச் சொல்லுங்கள், மேல்முடி எட்டிப் பிடிக்க நேரம் கிடைக்கும். பார்க்கவும் சுத்தமாக இருக்கும், அம்மாவின் கோபமும் பாதி தணியும். ஈரத் தலையில் ஹெல்மெட் போடாதீர்கள். உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டி, அதை வாரம் இரண்டு முறை துவையுங்கள்.

தினமும் வேலைக்கு உடுத்த, வியர்வை தெரியாத உடை? (கடலூர் முதுநகர்)

சாம்பல் நிறமும் வெளிர் நீலமும் வியர்வையைக் காட்டிக்கொடுக்கும். வெள்ளை, கருநீலம், சின்னப் பூப்போட்ட துணி மறைக்கும். துணி பருத்தியாக இருக்கட்டும், தைக்கக் கொடுக்கும் முன் ஒரு ராத்திரி ஊறப்போட்டு உலர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கிவிடும். புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் குர்தி எடுத்தால், உள்பக்கம் திருப்பி அக்குள் தையலைப் பாருங்கள். பிரித்து விட அரை அங்குலமாவது துணி இல்லாவிட்டால் விட்டுவிடலாம். நீள முடிக்காரர்கள் முதுகில் கொக்கியும் கல்லும் வைத்த கழுத்தைத் தவிர்க்கலாம், முடி மாட்டி அறுகிறது.

ஏழாவது படிக்கும் மகளுக்குப் பேன். இடுப்பு வரை முடி, வெட்டிவிடச் சொல்கிறார்கள். (வில்லியனூர்)

வெட்ட வேண்டாம் அம்மா, ஆசையாக வளர்த்திருப்பாள். நனைத்த தலையில் கண்டிஷனரைத் தாராளமாகப் பூசுங்கள், பேன் ஓடாமல் நிற்கும். முதலில் பெரிய சீப்பால் சிக்கெடுத்து, முடியை நாலு பாகமாகப் பிரித்து, பேன்சீப்பால் வேரிலிருந்து நுனி வரை இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். ஈர், அதாவது பேன் முட்டை, பொரிய ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் மூன்று நாளைக்கு ஒருமுறை, இரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். வீட்டில் உங்கள் தலையையும் பார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளிச்சம் விழும் வாசற்படியில் அவளை உட்காரவைத்துக்கொண்டால் ஈர் நன்றாகத் தெரியும்.