ஆர்மி வந்தா கேங் ஓடிருமா?

வாசகர் கேள்வி, சுங்கை சிப்புட்டிலிருந்து பதில்

கேள்வி: ஐயா, எங்க டவுன்ல சின்னதா ஒரு மினிமார்க்கெட் வச்சிருக்கேன். மாசம் பொறந்தா போதும், ரெண்டு பசங்க மோட்டார்ல வந்து நிப்பானுங்க, 300 வெள்ளி, போறப்ப ஃப்ரிட்ஜைத் திறந்து ஆளுக்கொரு மைலோ டின் வேற. போன மாசம் துணிஞ்சு பாலாய்ல, அதான் போலீஸ் ஸ்டேஷன்ல, போய் ரிப்போட் பண்ணிட்டு வந்தேன். கடை ஷட்டரைக்கூட முழுசா தூக்கல, போன் அடிக்குது. "என்னாண்ணே, ரிப்போட்லாம் பண்ணீங்களாமே" ன்னு கேக்குறான். இதுக்கு மேல போலீஸை நம்பி என்னா ஆகப் போவுது? ஆர்மியில பாலிஸ் தெந்தெரா, அதான் ராணுவ போலீஸ், இருக்காங்கள்ல, அவங்ககிட்ட பவரைக் குடுத்து கேங்கையும் லஞ்சம் திங்கிறவனையும் சேத்து அள்ளிட்டுப் போகச் சொன்னா என்னா?
(மினிமார்க்கெட்காரர், பேராக். பேரும் ஊரும் நாந்தான் போடல)

பதில்: தம்பி, 300 வெள்ளி கூட எனக்குப் பெருசா தெரியல, அந்த போன்தான் வயித்தக் கலக்குது. நீங்க ரிப்போட் எழுதிட்டு மோட்டாரை ஸ்டார்ட் பண்றதுக்குள்ள விஷயம் அங்க போயிருச்சுன்னா, ஓட்டை எங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். பாலிஸ் தெந்தெராவோட வேலையே வேற. ஆர்மி ஆளு தப்பு பண்ணா விசாரிக்கிறது, கேம்ப்ல ஒழுங்கு பாக்குறது, கான்வாய் போனா ரோட்டை ஒழுங்கு பண்றது, இதுதான். 1972 ஆயுதப்படைச் சட்டம் யூனிபார்ம் போட்டவங்களுக்குத்தான், கைலி கட்டிட்டு காப்பிக்கடையில உக்காந்து வசூல் பண்றவனுக்கு இல்ல. அவனைத் தொடணும்னா சட்டத்தை மாத்தணும். மாத்தவே முடியாதான்னா அதுவும் இல்ல, ஒரு தடவ செஞ்சுட்டாங்க. 2021 ஜனவரியில கோவிட் அவசரகாலம் போட்டப்ப வந்த ஆர்டினன்ஸ்ல, போலீஸ் அதிகாரிக்கு உள்ள பவர் எல்லாம் ஆர்மிக்கும் உண்டுன்னு எழுதிட்டாங்க. ஆகஸ்ட் 1 வரைக்கும் அவசரகாலம் இருந்துச்சு. அந்த ஏழு மாசத்துல உங்க ஊர்ல கேங்கு காணாமப் போச்சா? நீங்களே சொல்லுங்க.

அதுக்கு முன்னாடி 2020 எம்சிஓல, அதான் கோவிட் ஊரடங்குல, மார்ச் 22ல இருந்து போலீஸோட ஆர்மியும் ரோட் பிளாக்ல நின்னாங்க இல்லையா, எங்க சிம்பாங் முச்சந்தியிலயும் கெமா கூடாரம் அடிச்சு நின்னாங்க. நான் மருந்து வாங்கப் போறப்ப ஒரு பையன், இருபத்தி ரெண்டு வயசு இருக்கும், சபாக்காரன், ரைஃபிளைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஐசியை ரெண்டு கையால வாங்கிப் பாத்துட்டு ரெண்டு கையாலயே திருப்பிக் குடுத்தான், அவ்வளவு மரியாதை. அப்புறம் மெதுவா கேட்டான் பாருங்க, பின்னாடி செம்பனைக்குள்ள போற செம்மண் பாதை எங்க போய் ஏறும்னு. அந்தப் பாதை பழைய லயத்துக்குப் பின்னால சுத்தி மெயின் ரோட்ல ஏறும்னு இங்க பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். பையன் தங்கமான பையன்தான், ஆனா ஊரு தெரியாதவன் கேங்கை எப்படிப் பிடிப்பான்? எந்த லோரி யாரோடது, எந்த கடைக்கு எவன் வர்றான், எந்த வட்டிக்கார ஆலோங் எந்த வீட்டு கேட்ல சாயம் ஊத்துனான், இதெல்லாம் தெரிஞ்சவன் உள்ளூர் போலீஸ்காரன்தான். அவன் தெரிஞ்சும் வாயைத் திறக்காம இருக்கான் பாருங்க, வியாதி அங்கதான் இருக்கு.

இன்னொண்ணு, பவர் பத்தலன்னு யாரு சொன்னா? 2012ல வந்த சோஸ்மா பாதுகாப்புச் சட்டத்துல கோர்ட்டுக்குக் கொண்டு போகாமலே 28 நாள் வரைக்கும் உள்ள வைக்கலாம், 1959 போக்கா குற்றத்தடுப்புச் சட்டம் வேற இருக்கு, தண்டனைச் சட்டத்துல கேங் மெம்பரா இருந்தாலே குத்தம்னு 130வி பிரிவு இருக்கு. 2013 ஆகஸ்ட்ல உள்துறை அமைச்சு 49 கேங் பேரை லிஸ்ட் போட்டு தடை பண்ணதா அறிவிச்சப்ப அதுல நம்ம ஆளுங்க எத்தனைங்கிற கணக்கைப் பாத்துட்டு கோயில்ல கூட அதே பேச்சுதான், வெக்கமா இருந்துச்சு. சட்டம் இருக்கு, லிஸ்ட் இருக்கு, லாக்கப் இருக்கு. அந்த லாக்கப்ல இருந்து பொணமா வந்த நம்ம பசங்களும் இருக்காங்க, 2009ல குகன்னு ஒரு பையன் அப்படிச் செத்ததை யாரும் மறக்கல. கண்காணிக்க ஆள் இல்லாம பவரை மட்டும் ஏத்துனா அடி யாருக்கு விழும்? கேங் தலைவனுக்கா, முச்சந்தியில நிக்கிற எஸ்டேட் பையனுக்கா?

ஆர்மிக்காரன் லஞ்சம் வாங்க மாட்டான்னு நெனைக்கிறீங்க, அதான் உங்க கேள்விக்கு அஸ்திவாரமே. 2025 ஆகஸ்ட்ல எஸ்பிஆர்எம், அதான் லஞ்ச ஒழிப்பு ஆணையம், யாரைப் பிடிச்சாங்கன்னு ஞாபகம் இருக்கா? ஆர்மி உளவுப் பிரிவு சீனியர் ஆபீசருங்க, கடத்தல்காரனுக்கு ஆபரேஷன் தகவலைக் கசிய விட்டதா சந்தேகத்துல. உங்க கடைக்கு போன் வந்த மாதிரியேதான் தம்பி, கொஞ்சம் பெரிய போன்.

கேள்வி: 21 வருஷம் ஆர்மியில இருந்தவன் நான். சும்மா எங்க ஆளுங்களைக் குறை சொல்லாதீங்க. இத்தாலியில மாஃபியா தலைவனைப் பிடிச்சது ராணுவ போலீஸ்தானே?
(ஓய்வு பெற்ற சார்ஜன், தாப்பா)

பதில்: அண்ணே, கோவிச்சுக்காதீங்க, நீங்க சொல்றது சரி. 1993 ஜனவரி 15ல பலெர்மோல மாஃபியா தலைவன் டோட்டோ ரீனாவைப் பிடிச்சது காராபினியேரிங்கிற அந்த ராணுவ போலீஸ்தான். ஆனா அவங்க நம்ம பாலிஸ் தெந்தெரா மாதிரி இல்ல. ராணுவத்தோட ஒரு பிரிவா இருந்தாலும் ஊருக்கு ஊரு ஸ்டேஷன் போட்டு, ஆடு களவு போனாலும் கேஸ் எழுதுற போலீஸ் அவங்க. கிரிமினல் கேஸ்ல அரசு வழக்கறிஞர் சொல்றபடிதான் விசாரிக்கணும். ரீனாவைக்கூட துப்பாக்கியால கண்டுபிடிக்கல, அவன்கிட்ட இருந்த பழைய ஆளு ஒருத்தன் மாட்டிக்கிட்டு ஆளைக் காட்டிக் குடுத்தான். அப்படிப் பிடிச்சும் வீட்டை 18 நாள் சோதனை போடாம விட்டு, கடைசியில போய்ப் பாத்தா வீடு சுத்தமா காலி. அதுக்கு கோர்ட் கேஸெல்லாம் நடந்துச்சு.

நெஜமான அஸ்காரை, அதான் சோல்ஜருங்களை, இத்தாலி எறக்குனது 1992ல, ஃபால்கோனே, போர்செல்லினோன்னு ரெண்டு நீதிபதிங்களை ரெண்டு மாசத்துக்குள்ள குண்டு வச்சுக் கொன்னதுக்கு அப்புறம். சிசிலியில அவங்க என்ன பண்ணாங்க? கோர்ட் வாசல்லயும் நீதிபதி வீட்டு வாசல்லயும் காவல் நின்னாங்க, ரோட்ல வண்டியை நிறுத்திப் பாத்தாங்க. காவல் வேலையில இருந்து கை விடுபட்ட போலீஸ் விசாரணையைப் பாத்துச்சு. இந்த மாதிரி செஞ்சா எனக்கும் சம்மதம்தான், அண்ணே. மாஃபியாக்காரனுக்கு நெஜமா வலிச்சது 1982 சட்டம், கூட்டத்துல இருந்தாலே குத்தம், சொத்தையும் பிடுங்கலாம்னு வந்துச்சே அது. நம்ம ஊர்லயும் 2001ல இருந்து பணமோசடி தடுப்புச் சட்டம் இருக்கு, கேங் முதலாளி வீட்டு கார்ல இருந்து பேங்க் கணக்கு வரைக்கும் முடக்கலாம்.

மெக்சிகோ கதையும் ஒரு வரி சொல்லிடுறேன். 1997ல போதைப்பொருளை ஒழிக்க வச்ச ஜெனரலே கடத்தல் தலைவன்கிட்ட காசு வாங்குனதா கைதானாரு. ஸ்பெஷல் ஃபோர்ஸை விட்டு ஓடுன சோல்ஜருங்க சேந்துதான் செட்டாஸ்னு ஒரு கேங்கே உருவாச்சு, ட்ரெய்னிங் குடுத்தது அரசாங்கம். 2006 டிசம்பர்ல அதிபர் கால்டெரோன் ஆர்மியை எறக்குனாரு, 2019ல ஆர்மி போலீஸையும் சேத்து நேஷனல் கார்டுனு புதுசா ஒரு படை கூட அமைச்சாங்க, கொலை நின்னுச்சா? தப்பு சோல்ஜர் மேல இல்ல அண்ணே, அவங்களுக்குத் தெரியாத வேலையை அவங்க தலையில கட்டுனவங்க மேல.

கேள்வி: அந்தக் காலத்துல எஸ்டேட்ல ஆர்மி இருந்தப்ப ஒரு பயமும் இல்ல, கதவைத் திறந்து போட்டுத் தூங்குவோம்னு தாத்தா சொல்றாரே, உண்மையா?
(கல்லூரி மாணவி, பீடோர்)

பதில்: தாத்தா சொல்றது அவரு பாத்த எஸ்டேட்மா. எங்க ஊருக்கிட்டதான 1948 ஜூன் 16ல வெள்ளைக்கார தோட்டக்காரங்க மூணு பேரைச் சுட்டாங்க, அதுல ஒண்ணு எல்பில் எஸ்டேட்ல, அதுல ஆரம்பிச்ச அவசரகாலம் 1960 ஜூலை வரைக்கும் ஓடுச்சு. எங்க அத்தை பால்மரம் வெட்டப் போறப்ப கேட்ல தூக்குச்சட்டியைத் திறந்து காட்டணுமாம், காட்டுக்குள்ள இருக்கிற கம்யூனிஸ்ட்காரங்களுக்குச் சோறு போகுதான்னு பாக்க. ஒரு நாள் தவறி ஒரு பிடி சோறு அடியில ஒட்டிக்கிட்டு இருந்ததுக்கு கேட்லயே நிக்க வச்சுட்டாங்களாம், அன்னிக்குக் கூலி போச்சு. சாகுற வரைக்கும் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி சட்டியைக் கழுவித் தட்டித் தட்டிப் பாப்பாங்க. சிலாங்கூர் பத்தாங் காலியில 1948 டிசம்பர்ல பிரிட்டிஷ் சிப்பாய்ங்க ஆயுதம் இல்லாத 24 பேரைச் சுட்டாங்க, அதுவும் ரப்பர் தோட்டம்தான். சொந்தக்காரங்க லண்டன் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க, 2015ல கூட பொது விசாரணை கிடைக்கல. தாத்தாகிட்ட இதையும் கேட்டுப் பாரும்மா.

கேள்வி: லஞ்சம் கேட்டவனைப் பத்தி சொன்னா என் பேரு வெளிய வராதா?
(பாசார் மாலாம் இரவுச் சந்தை வியாபாரி, கம்பார்)

பதில்: 2010ல வந்த தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. ஆனா எஸ்பிஆர்எம் மாதிரி அமலாக்கத் துறைகிட்ட நேரா சொன்னாத்தான் அந்தப் பாதுகாப்பு. முதல்ல பத்திரிகைக்கோ ஃபேஸ்புக்குக்கோ சொன்னா கிடைக்காது. லஞ்சம் கேட்டாலே அதைச் சொல்லணும்னு 2009 எஸ்பிஆர்எம் சட்டம் சொல்லுது, சொல்லாம இருக்கிறதும் குத்தம்தான்.

அதனாலதான் மினிமார்க்கெட் தம்பி, உங்க கடுதாசியோட ரெண்டாவது பக்கத்தை, மோட்டார் நம்பர், போன் வந்த நேரம், பாலாய்ல உக்காந்திருந்தவரு பேரு எல்லாம் எழுதியிருந்தீங்களே, அதை நான் ஆபீஸ்ல யாருக்கும் காட்டல. மடிச்சு கவர்ல போட்டு உங்களுக்கே ரெஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்பியிருக்கேன். உங்க பாலாய்க்குத் திரும்பப் போகாதீங்க, ஈப்போவுல எஸ்பிஆர்எம் ஆபீசுக்கு நேரா எடுத்துட்டுப் போங்க, மாசா மாசம் எந்தத் தேதியில எவ்வளவு குடுத்தீங்கன்னு கடைக் கணக்கு நோட்டையும் சேத்து எடுத்துக்கங்க. அந்த போன் நம்பரை அழிச்சிடாதீங்க.