அண்ணன் கொண்டுவந்த சுடுதண்ணி மெசின்

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணன் லீவில் வந்தபோது, சிங்குக்குக் கீழே பூட்டுகிற சுடுதண்ணி மெசின் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். சிங் ஓரத்துச் சின்னக் குழாயைத் திறந்தால் உடனே கொதிதண்ணி. விடியக்காலைக் குளிரில் கேத்தல் பக்கத்தில் நின்று காத்திருக்கும் எங்களுக்கு அது பெரிய விஷயம். வயரிங் பாஸ், "பிளக்கை மாத்தினா போதும்" என்கிறார். பூட்டலாமா?
- வாசகி, நுவரெலியா

பதில்: பிளக்கை மாற்றினால் போதாது, சகோதரி. முதலில் மெசினின் அடியில் ஒட்டியுள்ள தகட்டைப் பாருங்கள். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. தகட்டில் 120 என்று இருந்தால் அதை இங்கே செருகவே கூடாது. 1,300 வாட் ஹீட்டர் மூன்றரை மடங்குக்கும் மேல் மின்சக்தி இழுத்துக் கருகிவிடும். ட்ரான்ஸ்போமர் வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். அவ்வளவு சுமை தாங்கும் ட்ரான்ஸ்போமர் கனமான பெட்டி. அதை ஈரமான சிங்குக்கு அடியில் வைக்க நான் சொல்ல மாட்டேன். அண்ணன் மனம் நோகாமல் அதைத் திருப்பிக் கொடுத்தனுப்புங்கள். வேண்டுமானால் 230 வோல்ட் மெசின் ஒன்றை இங்கேயே வாங்குங்கள்.

வாங்கினால், கடைக்காரர் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். உயரம் ஏற ஏற, சுமார் 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் அது குறையும். நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும், ஹட்டனில் ஏறத்தாழ 96. மெசினின் தேர்மோஸ்டாட் 98இல் வைக்கப்பட்டு வந்தால், உங்கள் வீட்டுத் தண்ணீர் அந்தச் சூட்டைத் தொடவே போவதில்லை. ஹீட்டரும் நிற்காது. தொட்டி கொதித்துக்கொண்டே இருக்கும், குழாய் சீறிச் சீறி ஆவி கக்கும். அதனால் பூட்டிய அன்றே 88 அளவுக்குக் குறைத்துவிடுங்கள். தேத்தண்ணிக்கு அது தாராளம். ஆனால் 88 பாகை, கொதிக்க வைத்த தண்ணீராகாது. பீலியில், அதாவது மலை ஊற்றில், தண்ணீர் எடுப்பவர்கள் குடிப்பதற்கும் பிள்ளைக்குப் பால் கரைப்பதற்கும் தனியாகக் கொதிக்க வைக்கத்தான் வேண்டும்.

அடுத்தது தண்ணீர் அழுத்தம். மலையில் இது இரண்டு பக்கமும் தொல்லை. கூரைத் தொட்டி சிங்குக்கு 4 மீற்றர் மேலே இருந்தால் கிடைப்பது 0.4 பார் ('பார்' என்பது அழுத்தத்தின் அளவு) தான், சில மெசின்கள் 1.7 பார் கேட்கும். மேட்டிலிருந்து நேராகக் குழாய் போட்டவர்களுக்கோ 100 மீற்றர் இறக்கம் 10 பார் ஆகிவிடும். தகட்டில் எழுதியதைப் பார்த்து, அழுத்தம் கூடினால் குறைக்கும் வால்வும், மண் வந்தால் ஃபில்டரும் போடுங்கள்.

சூடாகும்போது விரியும் தண்ணீர் இந்தக் குழாயின் வாய் வழியாகத்தான் வெளியேறும். இரண்டு மூன்று சொட்டு ஒழுகினால் பழுதில்லை. அந்தச் சொட்டைப் பொறுக்க முடியாமல் வாயில் அடைப்பானோ வேறொரு வால்வோ மாட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். தொட்டிக்குள் அழுத்தம் ஏறி வெடிப்பதற்கு வேறு காரணமே தேவையில்லை.

மின்சாரத்துக்கு வருவோம். 1,300 வாட் என்றால் கிட்டத்தட்ட 6 அம்பியர். பழைய 5 அம்பியர் உருண்டைப் பொயின்ட் தாங்காது. எர்த் உள்ள 13 அம்பியர் பொயின்ட்டைக் குழாய் வளைவுக்கு நேர்கீழே வைக்காமல், பக்கவாட்டில் உயரமாக வைக்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்சன் வயர் வேண்டாம். மின்சாரம் கசிந்தால் தானாக விழும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அமுக்கி, விழுகிறதா என்று பாஸ் முன்னாலேயே பாருங்கள். தொட்டி நிரம்பி, குழாயில் தண்ணீர் வந்த பிறகுதான் பிளக்கைப் போட வேண்டும். வெறும் தொட்டி சூடேறினால் ஹீட்டர் போய்விடும்.

நம் வீடுகளில் காஸ் சிலிண்டரும் அதே சிங் கபேட்டுக்குள்தான் இருக்கும். காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். தேர்மோஸ்டாட் ஒவ்வொரு முறை மாறும்போதும் பொறி வரலாம். 2021 கடைசியில் நாட்டில் எத்தனை வீடுகளில் காஸ் வெடித்தது என்று மறந்திருக்க மாட்டீர்கள். சிலிண்டரை வெளியே எடுக்க இடமில்லை என்றால் மெசினே வேண்டாம். கேத்தலில் ஒரு தடவை கொதிக்க வைத்து நல்ல பிளாஸ்க்கில் ஊற்றி வையுங்கள். மூன்று பேர் உள்ள வீட்டுக்கு என் விருப்பமும் அதுதான்.

கேள்வி: இதே மாதிரி மெசின் வாங்கி ஒரு மாதத்தில் ஒழுகுகிறது. கடையில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகையைக் காட்டுகிறார்கள்.
- வாசகர், பண்டாரவளை

பதில்: பலகையால் உத்தரவாத அட்டை செல்லாமல் போகாது. முதலில் சொட்டு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். குழாய் வாயில் என்றால் மேலே சொன்னதுதான். தொட்டியிலோ மூட்டிலோ என்றால் பிளக்கைக் கழற்றிப் படம் எடுத்து வையுங்கள். பற்றுச்சீட்டோடு கடைக்கு எழுத்தில் கொடுங்கள். மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, எண் 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.